மாற்ற முடியாத கட்டம்

"என் தம்பி இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாதபடி பண்ணிக் குடுங்கண்ணா."

வந்த பெண் இப்படிக் கேட்டதும், கல்லாவில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் கடைக்காரரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில்தானே அந்தத் தம்பிக்காரன் வந்து, "என் அக்கா இதுல கை வைக்க முடியாம பண்ணிடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றான்?

"அது என்ன ஃபாரம்மா?"

"அப்பா ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில கேட்டது, அண்ணி. நான் அடிச்சு வெச்சா அவன் மாத்திடறான். அவன் மாத்தினதை நான் மாத்தறேன். இதே கூத்துதான். இன்னிக்குள்ள அனுப்பலைன்னா ஆபரேஷன் தள்ளிப்போயிடுமாம்."

கடைக்காரர் மவுஸை உருட்டினார். "பிரின்ட் போடற மாதிரி போட்டு, மறுபடி பிடிஎஃப்பாவே எடுத்துடறேன். டைப் அடிக்கிற கட்டமெல்லாம் செத்துடும், எழுத்து தாளோட ஒட்டிக்கும். அப்புறம் நீயே அழுது புரண்டாலும் மாத்த முடியாது. பரவால்லியா?"

"அதான் வேணும்ணா."

கோப்பு அவள் போனுக்குப் போனது. அவளும் விறுவிறுவென்று போய்விட்டாள்.

மனைவி கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே குடைக்குள்ள நனைஞ்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன பிள்ளைங்கதானே இதுங்க? அப்பன் அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்கான். இதுங்க ஒண்ணையொண்ணு நம்பாம பூட்டுப் போடுதுங்க."

கடைக்காரர் திரையில் காலையில் பூட்டிய கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வீட்டை எழுதி வாங்குதுங்களோ? ஆஸ்பத்திரி ஃபாரத்துல வீடு எங்கேருந்து வரும்? தலையும் புரியலை, வாலும் புரியலை."

"எனக்கும் காலையில புரியலை. அப்புறம் அந்தப் பையனையே கேட்டுட்டேன்."

"நீங்களும்தான். கேட்டவங்களுக்கெல்லாம் பூட்டிக் குடுத்தாச்சு. ஒருத்தருக்காவது புத்தி சொல்லக் கூடாதா?"

"யாருக்குச் சொல்லச் சொல்றே?"

கடைக்காரர் திரையை அவள் பக்கம் திருப்பினார். காலையில் பூட்டியதும் இப்போது பூட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா பெயர், வயது, ரத்த வகை எல்லாம் அச்சு அசல் ஒன்றேதான்.

"ரெண்டு பேரோடதும் அவருக்குப் பொருந்துதாம். நீங்களே பேசி முடிவு பண்ணி ஒரு பேரை எழுதுங்கன்னு டாக்டர் விட்டுட்டாராம். கடைசிக் கட்டத்தைப் பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

கிட்னி கொடுப்பவர்: தம்பி பூட்டியதில் தம்பி பெயர். அக்கா பூட்டியதில் அக்கா பெயர்.