சாகாத அரக்கன்

“நீ குகை வாசல்ல நிக்கறே. எதிர்ல அரக்கன். அவனுக்கு இன்னும் பத்து உயிர் பாக்கி; பத்துக்கு மேல விழுந்தாத்தான் சாவான். இந்தத் தடவை தவறினா உன்னை முழுங்கிடுவான். என்ன பண்றே?” என்று கேட்டான் அனந்தராமன்.

“வெட்டறேன்.” நீரஜா தட்டில் தாயக்கட்டைகளை உருட்டினாள்.

“பன்னிரண்டு! செத்தான்!”

“மறுபடியுமா?”

அமெரிக்காவிலிருந்து அவள் தம்பி எழுதிச் சொன்ன விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர் அதற்குள் புகுந்து சண்டை போட வேண்டும். அரக்கர்களைத் தயார் பண்ணுவது அனந்தராமன்.

“ஏன்னா, எனக்கு ஒண்ணுமே புரியலை. எந்த அரக்கன் வந்தாலும் கடைசி உருட்டல்ல எனக்குப் பன்னிரண்டு விழறதே, எப்படி?”

“அளவு பார்த்துப் பண்றேனோல்லியோ! ரொம்பப் பலசாலின்னா நீ தோத்துடுவே. சோப்ளாங்கின்னா உனக்கு போரடிக்கும்.”

நீரஜாவுக்குக் குழப்பம் தீரவில்லை. தட்டில் கிடந்த பித்தளைக் கட்டைகளின் மேல் மெதுவாக விரலை ஓட்டினாள்.

“பன்னிரண்டுன்னா ரெண்டும் வழவழன்னு இருக்கணும். இதுல ஒரு குழி, அதுல ரெண்டு குழி. மூணுதான் விழுந்திருக்கு. அரக்கன் சாகலை, நான்தான் செத்தேன்.”

அனந்தராமன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவள் கை, கண்களை மூடியிருந்த பேண்டேஜைத் தொட்டது.

“ஆபரேஷன் நன்னா ஆயிடுத்து, நாளைக்கு இதைப் பிரிச்சதும் பார்வை வந்துடும்னு டாக்டர் சொன்னதா சொன்னேளே... அதுவும் இந்தப் பன்னிரண்டு மாதிரிதானா?”