கதவுக்குப் பின்னால் ஒரு குடம்

கதவுக்கு வெளியே கொக்கியில் செங்கேணியின் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். அன்று வியர்வை தாங்காமல், குடத்தை உள்ளே கொண்டுபோய் வைக்கும் முன்பே துண்டை மாட்டிவிட்டான். அவன் நிமிர்வதற்குள் யாரோ வெளியே கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள்.

போலீஸ் துப்பாக்கி சுடும் திடலில் சோதனைக்கென்றே கட்டிய அறை அது. ஜன்னல் கிடையாது. ஒதுங்கி நிற்க மூலைகூட இல்லாத குறுகல். புதிதாக வந்திருக்கும் தோட்டா பூட்டைப் பெயர்த்துவிட்டுத் தானும் பொடியாகிவிடுமாம். கதவுக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கீறல்கூட விழாதாம். அப்படி நிற்பவனுக்குப் பதிலாகத்தான் தண்ணீர் நிரப்பிய மண்குடம்.

“ஐயா, நான் உள்ள இருக்கேன்யா!” என்று கதவை அறைந்தான்.

காதை மூடிக்கொண்டவர்கள் பேசுகிற உரத்த குரலில் வெளியே ஆய்வாளர் கத்திக்கொண்டிருந்தார். “நேத்து குடத்துல ஒரு சொட்டு ஒழுகல. செங்கேணியே பாத்துட்டு வந்து சொன்னான். தைரியமா சுடுப்பா!”

நேற்று சுட்டு முடிந்ததும் அவன் உள்ளே போய்ப் பார்த்தபோது குடத்தில் விரிசல் இருந்தது. தூக்கி வரும்போது தான்தான் எங்கேயோ இடித்துவிட்டோம் என்று நினைத்தான். திட்டுக்குப் பயந்து, வேறு குடத்தை வைத்துவிட்டுப் போய் அப்படிச் சொன்னான்.

செங்கேணி குடத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தண்ணீர் தளும்பிச் சட்டையை நனைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து இந்த அறை வரைக்கும் நேற்று வந்த வழியில் மனதுக்குள் திரும்பவும் நடந்தான். எங்கேயாவது இடித்திருக்க வேண்டும், எதிலாவது இடித்திருக்க வேண்டும்.