கொன்றவனுக்குப் பரிசு

கெல்ட் குலத்து விம்பியா, ரோமானியப் பாசறைக்குள் தனியாக வந்தாள். கையில் செத்துப்போன கணவனின் தங்கக் கழுத்து வளையம்.

"எம் புருஷனைக் கொன்ன வீரன் யாருங்கய்யா? இது அவருக்குத்தான் சேரணும். எங்க குல வழக்கம்."

"நான்தான்!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

"எங்க குத்தினீங்க?"

"நெஞ்சுல", "கழுத்துல" என்றார்கள் மூவர்.

"சரணம்னு கையைத் தூக்கினான். முதுகுல சொருகிட்டேன்" என்று சிரித்தான் தித்தியுஸ்.

பிணத்தைக் கழுவியவள் அவள். காயம் முதுகில்தான்.

வளையத்தைத் தன் கையாலேயே அவனுக்கு மாட்டினாள். "நாளைக்குப் படையோட போறப்பவும் கழட்டாதீங்க. எடுப்பா இருக்கு."

மறுநாள் படை காட்டுவழியே புறப்பட்டது. மரங்களுக்குப் பின்னால் ஈட்டியோடு அவளுடைய அண்ணன்மார் காத்திருந்தார்கள். ஒரே மாதிரி கவசம் போட்ட ஐந்நூறு பேரில் எவன் என்று இனி அவர்கள் தேட வேண்டியதில்லை.