பின்சக்கரம்

அச்சு நட்டு அசையவில்லை.

அவள் ஸ்பேனரின் நுனியில் காலை வைத்து மிதித்தாள். அசையவில்லை. ஏறி நின்றாள்.

கிரீச்.

நட்டு இளகியது.

"ஏம்மா, என்ன பண்ற?"

வாசலில் பொன்னுரங்கம். அவள் கணவனின் அண்ணன். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

அவள் நிமிரவில்லை.

"பின்சக்கரத்தக் கழட்டறேன் மாமா."

மலைக்குக் கீழே இன்று காதுகுத்து. பொன்னுரங்கத்தின் மனைவி அலமேலுவின் அக்கா வீட்டில். அவர், அலமேலு, பிள்ளைகள் இரண்டு பேர். எல்லோரும் இந்த ஒரே பைக்கில் இறங்குவதாக ஏற்பாடு. ஏற்பாடு அவருடையது.

வண்டி அவளுடையது.

செவிலியர் வேலையில் சேர்ந்த வருடம் வாங்கினாள். தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையூர்களுக்குப் போய்வர. கணவன் திருப்பூரில் இருக்கிறான். வாசலில் நிற்கிற வண்டி மெல்ல மெல்ல வீட்டு வண்டியாகிவிட்டது. பொன்னுரங்கம் கேட்பதில்லை. எடுத்துப் போவார்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவார். பெட்ரோல் மிச்சமாம். இத்தனை பாரமும் பிரேக்கின் தலையில்.

நேற்று அவள் பிரேக்கை மிதித்தபோது உள்ளே இரும்போடு இரும்பு உரசியது. குனிந்து பார்த்தாள். பிரேக் கம்பியின் மரையைக் கடைசிவரை முறுக்கி வைத்திருந்தார். இனி முறுக்க இடமில்லை.

சொன்னாள்.

அவர் சிரித்தார். நீ பிறக்கும் முன்பே நான் இந்த மலையில் வண்டி ஓட்டியவன் என்றார்.

சாவியை ஒளித்து வைக்கலாம்தான். இன்னொரு சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

அதனால்தான் சக்கரம்.

அச்சை உருவினாள். சக்கரம் சரிந்து அவள் தொடையில் சாய்ந்தது. நைட்டியெல்லாம் கிரீஸ். எதிர்வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

பொன்னுரங்கம் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அவள் காதருகே நீட்டினார்.

"அண்ணன் கேக்கறாருல்ல. மாட்டிக் குடுத்துரு" என்றது கணவனின் குரல்.

"போன மாசம் கீழ் வளைவுல உருண்டு கெடந்த ஒரு குடும்பத்தத் தூக்குனோம். அந்த வண்டியிலயும் புருசன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்கதான். நான் மாட்டிக் குடுக்க மாட்டேன்."

தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் போனை வைத்துவிட்டான்.



அவள் சக்கரத்திலிருந்து, உள்ளே அழுத்தி அதை நிறுத்தும் பிரேக் ஷூவைக் கழற்றினாள். தேய்ந்து வழுவழுத்து, ஓரத்தில் வெறும் இரும்பாகி இருந்தது. அதை வாசற்படியில், அவர் காலடியில் வைத்தாள்.

அவர் பார்க்கவில்லை.

கதவருகே பிள்ளைகளோடு நின்ற அலமேலு பார்த்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. குனிந்து, ஷூவைக் கையில் எடுத்து, விரலால் தடவினாள். திரும்ப வைத்தாள்.

புது ஷூ செவிலியின் பையில் இருந்தது. ஷூ உரசும் டிரம்மின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஷூவைத் தொட்டாள். அதில் எண்ணெய் படக் கூடாது. சக்கரத்தை ஏற்றினாள். சங்கிலியை விரலால் தூக்கித் தொய்வு பார்த்தாள். அச்சு நட்டை முறுக்கும்போது மறுபடியும் ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள்.

தெருக்கோடி வரை ஓட்டினாள். பிரேக் அடித்தாள். நின்றது. இன்னும் வேகமாக. நின்றது.

திரும்பி வந்தபோது பொன்னுரங்கம் கை நீட்டினார்.

"ம். குடு."

"ரெண்டு பேருக்குத்தான் மாமா இந்த வண்டி. நாலு பேருக்குத் தர முடியாது."

அவர் முகம் கறுத்தது. அவள் கை நீட்டினாள்.

"உங்ககிட்ட இருக்கற சாவியையும் குடுங்க."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மண்ணில் விட்டெறிந்தார். அவள் குனிந்து எடுத்தாள். ஊதினாள். இடுப்பில் செருகினாள்.

"இந்த ஓட்டவண்டி யாருக்கு வேணும்? வாடி, பஸ்சுக்குப் போலாம்."

பிள்ளைகளை இரு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

அலமேலு நகரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க புள்ளைங்களோட பஸ்ல வாங்க. நான் இவகூட வர்றேன்."

அவர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். சின்னது பஸ் போய்விடும் என்று கையைப் பிடித்து இழுத்தது. நடந்தார்.

அவள் உள்ளே போய் நைட்டியை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு, பரண்மேல் கிடந்த கணவனின் ஹெல்மெட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள். அலமேலு தலைப்பூவை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்தாள். சக்கரத்தில் சிக்காமல் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

வண்டி மலையிறங்கத் தொடங்கியது.

இரண்டாம் கியர். இன்ஜின் உறுமி உறுமி வண்டியைப் பிடித்து வைத்தது. வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டாள். தொட்டால் போதுமாக இருந்தது.

முதல் வளைவுகளில் அலமேலுவின் விரல்கள் அவள் தோளில் பதிந்திருந்தன. பிறகு லேசாயின.

ஒரு வளைவில் மரங்கள் விலகின. கீழே, எங்கோ ஆழத்தில், ஒரு ஏரி வெயிலில் கிடந்தது.

"ஏ புள்ள, இங்க ஏரி இருக்குதா?" என்றாள் அலமேலு.

இந்த மலையில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான நாளிலிருந்து இதே பாதையில் இறங்குகிறவள்.

"நாங் கண்டதே இல்ல. எப்பவும் கண்ண மூடிக்குவேன்."

அவள் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தாள்.