இரண்டு கைப்பிடி

இருநூற்றுப் பதினெட்டு ரூபாய்.

ஜெசிந்தாவுக்கு அவள் தர வேண்டியது.

சாப்பாடு தொண்ணூறு. சோடா இருபது. தலைவலி மாத்திரை ஒரு அட்டை முப்பத்து மூன்று. தேனியிலிருந்து மதுரைக்குப் பஸ் எழுபத்தைந்து. அன்றைக்கு அவளிடம் சில்லறை இல்லை. ஜெசிந்தா கொடுத்தாள்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

பஸ் சாப்பாட்டுக்கடை முன்னால் நிற்கிறது. உச்சி வெயில். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் இறங்கவில்லை. காலடியில் பெட்டி இருக்கிறது.

பெட்டிக்குள் எடைக்கற்கள். பதினெட்டுக் கிலோ.

அரிசி ஆலை, நகைக்கடை, ஆஸ்பத்திரி. எங்கே தராசு இருக்கிறதோ அங்கே போக வேண்டும். கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். சரியாகக் காட்டினால் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அடுத்த ஊர். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை. குறை சொல்ல முடியாது.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு பேர் தூக்கச் செய்தது.

ஒருத்தியே தூக்கினால் சாய்ந்து வந்து காலில் இடிக்கும். இடது முழங்காலுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. சோப்புப் போட்டால் போகிற கறுப்பு இல்லை.

அந்தப் பக்கத்துக் கைப்பிடியை மூன்று வருஷம் ஜெசிந்தா பிடித்தாள்.

தூத்துக்குடிக்காரி. குட்டை. படி ஏறினால், உயரமான இவள் முன்னால் ஏறுவாள், ஜெசிந்தா கீழே. பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவள் மேல் இறங்கும்.

"நீ பாட்டுக்கு வளந்துட்ட. கனத்தையெல்லாம் எம்மேல தள்ளிவிடுதியே, என்னட்டி நியாயம்?"

சொல்வாளே தவிர, ஒரு நாளும் முன்னால் ஏறியதில்லை.

ஒரு தடவை கண்டக்டர் ஒருவர் பெட்டியை நகர்த்தப் பார்த்து மூச்சு வாங்கினார்.

"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க? பொணம் மாதிரி கனக்குது."

"எங்க மேனேஜர்ண்ணே. அவருக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள் ஜெசிந்தா.

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சில்லறைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு ஊர்ப் பெயர் மனதில் நிற்காது. செருப்பு அறுந்த ஊர் என்பாள். பல்லி விழுந்த ஊர் என்பாள். லாட்ஜ்காரர் சண்டைக்கு வந்த ஊர், சாம்பாரில் வெல்லம் போட்ட ஊர்.

ஆபீஸில் கொடுக்கிற பயணப் பட்டியலில் அவள் அப்படித்தான் எழுதுவாள். பென்சிலில். பிறகு அழித்துவிட்டுச் சரியான பெயரை எழுதுவாள்.

இன்று காலையில் பஸ் செருப்பு அறுந்த ஊரைத் தாண்டியது. ஜெசிந்தாவிடம் சொல்வதற்காக இவள் பக்கத்தில் திரும்பினாள்.

பக்கத்துச் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தேனியிலிருந்து வந்து இறங்கிய மதுரை பஸ் ஸ்டாண்டில்தான் ஜெசிந்தா சொன்னாள்.

"எழுதிக் குடுத்துட்டேன்ட்டி. வேலைய விட்டு நிக்கேன். தையில கல்யாணம்."

எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். ஒரே சோப்பில் துணி துவைத்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அப்ப இந்தப் பெட்டிய யாருட்டி பிடிப்பா?"

ஜெசிந்தா முகம் சின்னதாகிவிட்டது.

"பெட்டிக்கு ஆள் போடுவாங்க" என்றாள்.

போடவில்லை.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கவரில் பெயரைக் கையால் எழுதியிருந்தாள். அந்தத் தேதிக்கு நாமக்கல்லில் ஒரு ஆலை இருந்தது. லீவு கேட்டால் கிடைத்திருக்கும்.

அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பேசுவது?

இப்போது போனை எடுக்கிறாள். ஜெசிந்தா பெயரைத் தொடுகிறாள். இருநூற்றுப் பதினெட்டு என்று போடுகிறாள். பஸ் எங்கே நின்றாலும் இதைச் செய்கிறாள். பெருவிரல் அனுப்புகிற பொத்தான் பக்கத்தில் போய் நின்றுவிடும்.

கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் பணம்.

போய்ச் சேர்ந்துவிட்டால், ஜெசிந்தாவுக்கு அவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

அழித்தாள்.

வெளியே யாரோ தட்டைக் கழுவி ஊற்றினார்கள். சூடான தார் மேல் தண்ணீர் விழுந்து வாசம் வந்தது.

போன் அதிர்ந்தது.

ஆபீஸ் என்றுதான் நினைத்தாள்.

"ஏட்டி, என் இருநூத்திப் பதினெட்டு ரூவா எங்க?"

படித்தாள். மறுபடியும் படித்தாள்.

கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அதில் இல்லை. நன்றாக இருக்கிறாயா என்றுகூட இல்லை. ரூபாய் மட்டும்தான் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். கண்டக்டர் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"எறங்கவே இல்லியாம்மா? ஒரு டீயாச்சும் குடிச்சிருக்கலாம்ல."

தலையை ஆட்டினாள். விசில் கேட்டது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

இருநூற்றுப் பதினெட்டு என்று போட்டாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

அழித்துவிட்டு, இருநூற்று இருபது என்று போட்டு அனுப்பினாள். போய்விட்டது.

அதற்குக் கீழே எழுதினாள்.

"சில்லறை இல்லட்டி."