விண்ணப்பத்துக்கு ஒரு படம்

ஜாம்பியாவின் கிட்வே நகரில் காலை வெயில் கீரைப் பாத்திகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் பொதுத் தோட்டத்துக்கு அடிபம்பு ஒன்று கேட்டு நான் எழுதிய நிதி விண்ணப்பம் இன்றே போயாக வேண்டும். பயனாளியின் படம் ஒன்றுதான் பாக்கி. தினமும் ஓடையிலிருந்து நீர் சுமக்கும் பெண்களில் ஒருவரான பானா கபாசா சோளத் தட்டைகளின் முன் நிற்கிறார். தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் மடிப்புக் கலையாத சிவப்புச் சிட்டெங்கேத் துணி. செருப்பில் மண் படக்கூடாதென்று ஒரு செங்கல்லின் மேல் ஏறி நிற்கிறார். போனை உயர்த்திய என் கை இறங்குகிறது. "கொஞ்சம் பழசா, கிழிஞ்சதா ஏதாவது கட்டிக்கிட்டு வாங்களேன், பானா கபாசா. பாக்கிறவங்களுக்குப் பம்பு தேவைன்னு தோணணும்." வாளியோடு நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். "வாத்தியாருக்குப் பிச்சைக்காரி வேணுமாம்டி!" அவர் சிரிக்கவில்லை, செங்கல்லிலிருந்து இறங்கிப் போகிறார். நான் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். திரும்பி வருகையில் அவர் இடுப்பில் சாயம் போய், ஓரம் கிழிந்த ஒரு துணி. "கிழிஞ்சது எங்கிட்ட இல்ல, வாத்தியாரே. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். சீக்கிரம் எடுங்க, அவ இதைக் கட்டிக்கிட்டுத்தான் சந்தைக்குப் போகணும்."