கழுத்தளவு

"இது ஆவாது. பிரிச்சுடுங்க."

சொன்னதோடு பூங்காவனம் நிற்கவில்லை. ஊசியை உருவிப் போட்டுவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் ஸ்வெட்டரின் கழுத்து சரசரவென்று அவிழ்ந்து தரையில் குவிந்தது.

கணவர் வீரபாகு குனிந்து நூலை அள்ளினார்.

"இன்னா பூங்காவனம் இது? ஒரு வாரமா ஒக்காந்து போட்டேன்!"

"சின்னதா இருக்குதுங்க. கொழந்தை தலை நுழையாது."

"ஒரு வயசுக்கு இதான் அளவுன்னு வீடியோவுல சொல்றான்."

"வீடியோக்காரனா வந்து மாட்டிவிடப் போறான்?"

சமையலறைக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து வீரபாகுவின் இடது கை மரத்துப் போயிருந்தது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் வேலூர் டாக்டர். பட்டுச்சேலைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பின்னக் கற்றுக்கொண்டார். அதுவே பைத்தியமாகிவிட்டது. மூங்கில் ஊசி, அடையாளத்துக்கு மாட்டும் குட்டி வளையங்கள், வரிசையை எண்ண விரலில் போட்டுக்கொள்ளும் மெஷின் என்று ஆன்லைனில் வாங்கிக்கொண்டே இருந்தார். வாட்ச்மேனுக்கு மப்ளர், டாக்டருக்கு டீ கப் உறை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவர் பின்னியதுதான் பரிசு.

"ஆரணி வெயிலுக்கு உல்லன் குல்லாவாண்ணே?" என்று தெருவில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்த ஸ்வெட்டரைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசவில்லை.

"யாருக்கு இது?" என்று பூங்காவனம் முதல் நாளே கேட்டாள்.

"நம்ம சந்திரமோகன் பேரனுக்கு. பெங்களூர்ல குளிருதாம்."

பொய்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் கடைக்கு ஒரு எட்டு போயிருந்தபோது, தம்பி கமலக்கண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"வந்தவாசி பஸ் ஸ்டாண்டுல நம்ம ஜெயப்ரியாவைப் பாத்தேண்ணே. இடுப்புல கொழந்தை. ஒரு வயசு இருக்கும்."

வீரபாகு காதில் விழாதது மாதிரி சேலையை மடித்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஜெயப்ரியா அவருடைய ஒரே மகள். கூட வேலை பார்த்த தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டு தெள்ளாருக்குப் போய்விட்டாள். பையன் வேறு ஜாதி. அன்றைக்கு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார் வீரபாகு.

"அவ இந்தப் படி ஏறக் கூடாது. அவளப் பாக்கப் போறவங்களும் திரும்பி இங்க வரக் கூடாது!"

அதற்குப் பிறகு பூங்காவனம் மகள் பேரை எடுத்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்வருவதோடு சரி. பெற்றவளுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று இப்போதெல்லாம் அவருக்கே ஆத்திரம் வந்தது. அவள் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் போதும், தான் இறங்கி வந்துவிடலாம். அவள் ஆரம்பிக்கவில்லை.

ஆணோ பெண்ணோ, மஞ்சள் நிறம் யாருக்கும் ஆகும். யார் கையில் கொடுத்து அனுப்புவது, போனால் வாங்கிக்கொள்வாளா, எதுவும் அவருக்குத் தெரியாது. பின்னிக்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது. ஸ்வெட்டரின் வலது கை முடிந்த அன்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் இரண்டு விரலை அதற்குள் விட்டு ஆட்டினார். குழந்தை டாட்டா காட்டுவது மாதிரி இருந்தது. வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிரித்த கழுத்தை மறுபடி பின்னி முடித்தார். காபி கொண்டுவந்த பூங்காவனம் ஸ்வெட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் பத்தாதுங்க."

"மறுபடியுமா?"

"யாரோ பெத்த கொழந்தைக்கு எதுக்குங்க இப்படிக் கண்ணக் கெடுத்துக்கறீங்க? அங்க கடையில கிடைக்காதா?"

"யாரோ இல்ல..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சந்திரமோகன் நமக்கு யாரோவா?"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து நூலைப் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே பேஜாராப் போச்சு உன்னோட! நீ இன்னா அந்தக் கொழந்தையப் பாத்தியா?"

"அகலமா வையுங்க. தலைவழியா துணி மாட்டுனாலே அவ கத்திக் கூப்பாடு போடுவா."

வீரபாகு நிமிர்ந்தார்.

"அவளா? பேரன்னு இல்ல சொன்னேன்?"

நூல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"பொண்ணா?" என்றார் அவர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "நிலான்னு பேரு."

வீரபாகு ஊசியைக் கையில் எடுத்தார். பின்னல் கண்ணிகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"கழுத்து... எவ்ளோ அகலம் வைக்கணும்?"

பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கெழமையான்னா நான் போய்க்கினு இருக்கிறது கோயிலுக்கு இல்லீங்க. அது தலை அப்படியே உங்க தலை, பெருசு. எனக்கு அளவு சொல்லத் தெரியல, நாளைக்கு நீங்களே வந்து எடுத்துக்குங்க."